பதில் இல்லாத வரி

மாரி மழை பிடித்துக்கொண்டுவிட்டது. கல்முனை பஸ் நிலையத்திலிருந்து அந்த மாடி அறைக்கு ஓடி வருவதற்குள் அஸ்பியாவின் முக்காடு நனைந்து தோளோடு ஒட்டிக்கொண்டது. கையிலிருந்த பொலித்தீன் பையை மட்டும் நெஞ்சோடு அணைத்து நனையாமல் காப்பாற்றிவிட்டாள். எழுதி முடித்த தாள்கள் அதற்குள்தான் இருந்தன.

படியேறிக் கதவைத் தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவளுடைய கதிரையில் ஒருவன் இருந்தான்!

காதில் ஹெட்போன். கண்கள் மூடியிருந்தன. மேசையில் கசட் சுழன்றுகொண்டிருந்தது.

“ஆர் நீங்க?”

பதிலில்லை.

“ஒங்களத்தான்... ஆரக் கேட்டு அந்த மெசினத் தொட்டீங்க?”

அவன் சிரித்தான். அவளைப் பார்த்தல்ல. கண்ணை மூடியபடியே, காதுக்குள் கேட்ட ஏதோ ஒரு பேச்சுக்குச் சிரித்தான். அஸ்பியாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்தில் கிடந்த அடிமட்டத்தை எடுத்து மேசையில் ஓங்கி ஒரு தட்டு...

கண்கள் திறந்தன.

கறுப்பென்றும் சொல்ல முடியாத, மண்ணிறம் என்றும் சொல்ல முடியாத கண்கள். மழையில் ஊறிய பலாமரப் பட்டையின் நிறம். நித்திரையில் எழுப்பிவிட்ட பிள்ளையைப்போல அவை ஒரு கணம் திகைத்து, பிறகு அவள் முகத்தில் வந்து தங்கின. அவள் பார்வையைத் தாழ்த்தியிருக்க வேண்டும்... ஏனோ மறந்துபோனாள்.

“அல்லாஹ்வே! அடிக்கவா வந்தீங்க?” என்றான் அவன், ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே.

“கள்ளனெண்டா அடிக்கத்தான் வேணும்.”

“கள்ளன் ஹெட்போன் போட்டுக்கிட்டு ரெண்டு பொம்புளயள் மீன் விலை கதைக்கிறதக் கேட்டுக்கிட்டா இருப்பான்?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினாள். அதற்குள் குடையை உதறியபடி சுஜித்தா மிஸ் படியேறி வந்தாள். இருவரையும் ஒன்றாகக் கண்டதும் நெற்றியில் கை வைத்தாள்.

“ஐயோ... ரெண்டு பேரும் சந்திச்சிட்டீங்களா!”

காரைதீவைச் சேர்ந்த சுஜித்தா மிஸ் பல்கலைக்கழகத்தில் மொழி படிப்பிப்பவள். இந்தக் கரையோர ஊர்களின் பேச்சைக் கசட்டுகளில் பதிந்துகொண்டு வந்திருந்தாள். அடுப்படிப் பேச்சு, வாசல் பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் வரிவரியாகத் தாளில் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அந்த வரி என்ன செய்கிறது என்று ஒரு குறியீடு போட வேண்டும். கேட்கிறதா, பதில் சொல்கிறதா, ஒப்புக்கொள்கிறதா, மறுக்கிறதா, ஆறுதல் சொல்கிறதா... எதற்கு எந்தக் குறியீடு என்று மிஸ் ஒரு சிறிய வழிகாட்டியும் தட்டச்சுச் செய்து கொடுத்திருந்தாள்.

ஒரே கசட்டுக்கு இரண்டு பேர் தனித்தனியாகக் குறியீடு போடுவார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது, அதைப் பற்றிக் கதைக்கவும் கூடாது. ஒருவரையொருவர் அறியாமலே இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்தால்தான் அந்தக் குறியீட்டை நம்பலாம் என்பது மிஸ்ஸின் கணக்கு. அதற்காகத்தான் காலையில் மருதமுனையிலிருந்து அஸ்பியா, பின்னேரம் நிந்தவூரிலிருந்து ஜவுபர் என்று நேரத்தையே பிரித்து வைத்திருந்தாள்.

“பின்னேரம் பஸ் ஓடாதாம் மிஸ், ரோட்டுக்கு மேலால வெள்ளம் போகுது. அதான் வெள்ளனக்கே வந்திட்டன்” என்றான் ஜவுபர்.

“சரி, சந்திச்சது சந்திச்சதுதான். என்னத்தையும் கதையுங்க. கசட்டப் பத்தி மட்டும் கதைக்கக் கூடா, விளங்குதா?”

“ஓம் மிஸ்” என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

அதற்குப் பிறகு அந்த மாரி முழுவதும் ஏதாவது ஒரு காரணம் சொல்லி ஜவுபர் நேரத்தோடு வந்தான். பஸ் சுறுக்கா வந்திட்டு என்பான். சோதனைச்சாவடியில் இண்டைக்குக் கூட்டமில்ல என்பான். அஸ்பியா படியிறங்கும்போது அவன் படியேறுவான். நடுப்படியில், கீழே புடைவைக் கடைக்காரர்கள் பார்க்கும்படியாக, கொஞ்ச நேரம் நிற்பார்கள்.

“இண்டைக்கு எந்தக் கசட்?”

“அதச் செல்லக் கூடா.”

“சிரிப்பா அழுகையா எண்டாவது?”

“அதுவும் கூடா.”

“அப்ப மழயப் பத்திக் கதைப்பம். பெய்யுது.”

“ஓம். பெய்யுது.”

“பாத்தீங்களா, நாம ரெண்டு பேரும் ஒத்துப்போயிட்டம்! மிஸ்ஸிட்ட செல்லவா?”

அவள் முக்காட்டின் ஓரத்தை வாயில் வைத்துச் சிரிப்பை மறைத்துக்கொண்டு இறங்கி ஓடுவாள். பஸ்ஸில் இருக்கும்போது நினைப்பாள்... இண்டைக்குக் கொஞ்சம் கூடக் கதைச்சிட்டனோ? நாளைக்கு நேரத்தோட இறங்கிரணும். மறுநாள், முடிந்த தாளையே திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டு, படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்கும்வரை இருப்பாள்.

ஒருநாள் அவள் தன் ராத்தாவை, கூடப்பிறந்த மூத்தவளைப் பற்றிச் சொன்னாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஹாஜறா ராத்தா வீடு திரும்பவில்லை. அப்போது ராத்தாவின் மகள் நுஸ்ஹா தவழத் தொடங்கியிருந்தாள். இப்போது நடக்கிறாள். இரவும் பகலும் அஸ்பியாவின் மடிதான் அவளுக்குப் பாய்.

“சாச்சி எண்டு கூப்பிடுவாள். ‘ச்சி’ மட்டுந்தான் வரும்” என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

ஜவுபர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கண்களை மூடிக்கொண்டு, கசட் கேட்பதுபோலவே அவள் சொன்னதைக் கேட்டான். இவர் ஒரு சொல்லையும் தவற விடமாட்டார் என்று தோன்றியது அவளுக்கு. அந்த நினைப்பு வீடு வரைக்கும் கூடவே வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுது வந்த கையோடு வாப்பா மீராமுகைதீன் அவளைக் கூப்பிட்டார். கைத்தறிச் சாரன் வியாபாரத்தில் ஊரூராக அலைந்த மனிதர். ராத்தாவின் ஜனாஸா அடக்கத்துக்குப் பிறகு வீட்டோடு இருந்துவிட்டார். பக்கத்தில் உம்மா இருந்தாள். நுஸ்ஹா அஸ்பியாவின் மடியில், அவள் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

“மகள், ஒண்டு கேக்கிறன். ராத்தாட மாப்புள காலிதீன் நல்ல புள்ள. ராத்தாக்குக் கட்டின வீடு இரிக்கி, அவரு அதிலதான் இரிக்காரு. நீ வேணாம் எண்டா அவரு புள்ளயத் தூக்கிக்கிட்டு அவர்ர ஊரு சம்மாந்துறைக்குப் போயிருவாரு. அங்க வேறொருத்தி வந்தா நம்மட புள்ளய எப்படிப் பாப்பாளோ...” வாப்பா கொஞ்சம் நிறுத்தினார். “மச்சானக் கலியாணம் முடிக்க ஒனக்குச் சம்மதமா மகள்?”

அஸ்பியாவின் கண்ணுக்குள் ஒரு படிக்கட்டு வந்தது. மழை வந்தது. பலாப்பட்டை நிறத்தில் இரண்டு கண்கள் வந்தன. வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம்... அதை நானா அணைக்கிற? பெருவிரலைப் பிடித்திருந்த குட்டிக் கை சூடாக இருந்தது.

தலையைக் குனிந்தாள். பிள்ளையின் நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டாள்.

“பேசாம இரிக்காள்தானே” என்றாள் உம்மா. “வெக்கம். சம்மதந்தான்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் வாப்பா. வயலில் வேளாண்மை வெட்டி முடிந்ததும் நிக்காஹ் என்று அங்கேயே முடிவானது.

அடுத்த கிழமை அவளுக்குக் கிடைத்த கசட்டில்தான் அந்த இடம் இருந்தது. அக்கரைப்பற்றுப் பக்கத்து வீடொன்று. வீட்டுப் பேச்சைப் பதியட்டும் என்று மெசினை வைத்தவர்கள், பிறகு அது இருப்பதையே மறந்துபோனார்கள் போலும். தகப்பன் கேட்கிறார், “சம்மதமா மகள்?” அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. எங்கோ ஒரு சேவல் கூவுகிறது. உடனே தாய், “என்னத்தக் கதைக்கிற, சரிதானே” என்கிறாள்.

எழுத்துத் தாளில் அந்த மகளுக்கும் ஒரு வரி ஒதுக்கப்பட்டிருந்தது. வெறும் வரி. கேள்விக்குப் பிறகு வரும் மௌனத்துக்கும், அது என்ன செய்கிறதோ அந்தக் குறியீட்டைப் போட வேண்டும் என்று வழிகாட்டி சொன்னது. அஸ்பியா பேனையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். கடைசியில் வழிகாட்டியிலேயே இல்லாத ஒன்றை எழுதினாள். ‘தெரியாது.’

இரண்டு பேருடைய தாள்களையும் ஒப்பிடுகிற நாள் வந்தது. சுஜித்தா மிஸ் நடுவில் இருந்தாள். ஒத்துப்போகாத இடங்களில் அவரவர் காரணத்தைச் சொல்ல வேண்டும். அந்த வரியில் ஜவுபர் ‘ஒப்புதல்’ என்று எழுதியிருந்தான்.

“இதில என்ன பிரச்சின?” என்றான் அவன், சிரித்த முகத்தோடு. “கேட்டாங்க, பேசாம இருந்தாள். நம்மட ஊர்ல அதுக்கு ஒரே கருத்துத்தானே?”

“ஆர்ர கருத்து?”

“எல்லார்ர கருத்துந்தான். பேசாம இருந்தா சம்மதம் எண்டு மார்க்கத்திலயும் இரிக்கி.”

“வெக்கப்படுற புள்ளைக்கு மார்க்கம் லேசாக்கிக் குடுத்தது அது. பேச ஏலாத புள்ளட வாய மூடுறதுக்குக் குடுக்கல்ல.”

ஜவுபரின் சிரிப்பு மறைந்தது.

“காதில கேட்டதத்தானே நாம எழுதணும். மனசுக்குள்ள இரிக்கிறத எழுத ஏலுமா?”

“அதத்தான் நானும் செல்றன்! மனசுக்குள்ள இரிக்கிறது தெரியாதெண்டா, ‘ஒப்புதல்’ எண்டு எப்படி எழுதினீங்க? அவள் ஒங்கட காதில வந்து செல்லினாளா?”

மிஸ்ஸின் முன்னால் அப்படிக் கேட்டது அவனுக்குச் சுட்டிருக்க வேண்டும். காது மடல் சிவந்தது.

“ஒங்கட கோவத்துக்கெல்லாம் குறியீடு போட என்னால ஏலா” என்றான் மெல்ல.

அஸ்பியா எழுந்தாள். தாள்களை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கினாள். அழுகிறோம் என்பது கீழே வந்த பிறகுதான் தெரிந்தது. அண்டைக்கு வாயத் திறக்காதவள் நான்... இண்டைக்கு ஆருக்காக இவ்வளவு சத்தம்?

சில நாட்கள் நடுப்படியில் யாரும் நிற்கவில்லை. அவன் தன் நேரத்துக்கே வந்தான். அவள் தன் நேரத்துக்கே போனாள்.

பிறகு ஒருநாள், பஸ் நிலையத்தின் தகரக் கூரைக்குக் கீழே மழைக்கு ஒதுங்கி நின்றவளிடம் அவன் வந்தான்.

“கோவமா இன்னும்?”

“கோவப்பட நான் ஆர்?”

“அந்தக் கசட்டத் திரும்பக் கேட்டன். திரும்பத் திரும்பக் கேட்டன். வாப்பாக்காரர் கேட்டு முடியிறதுக்கும் உம்மாக்காரி கதைக்கிறதுக்கும் நடுவில ஒரு சேவல் கூவுது, அவ்வளவுதான். அந்தப் புள்ளைக்கு ஆரும் இடமே குடுக்கல்ல. நான் விட்டது பிழை. மிஸ்ஸிட்ட செல்லிட்டன். ‘பதில் தெரியாது’ எண்டு வழிகாட்டியில புதுசா ஒரு குறியீடு சேத்திருக்காங்க.”

தான் ஜெயித்துவிட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை. கண் நிறைந்துவிட்டது.

“என்னையும் கேட்டாங்க” என்றாள். “மச்சான முடிக்கச் சம்மதமா எண்டு. நான் பேசல்ல. சம்மதமெண்டு எடுத்துக்கிட்டாங்க. வேணாம் எண்டு செல்லினா நுஸ்ஹாவக் கொண்டு போயிருவாங்க.”

ஜவுபரின் முகத்தில் ரத்தம் வற்றியது. உதடுகள் திறந்தன. மூடின. கண்களை மூடிக்கொண்டான். அவள் காத்திருந்தாள்... கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொல். ஒரே ஒரு சொல் சொன்னால் போதும்...

“முடிவ நீங்கதான் எடுக்கணும்” என்றான் கடைசியில்.

அவ்வளவுதானா?

மருதமுனை பஸ் வந்தது. ஏறி இருந்தாள். இவருக்கு ஒண்டுமில்ல. விருப்பம் இருந்தா செல்லி இருப்பாரு. இல்லையெண்டதுக்குத்தானே பேசாம நிக்கிறாரு... ஒரு வரி மௌனத்துக்காக யாரோடு எப்படி வாதாடினாள் என்பது அப்போது அவள் நினைவுக்கு வரவேயில்லை.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, நுஸ்ஹாவை மடியில் வைத்து உம்மா சோறு தீத்திக்கொண்டிருந்தாள். அஸ்பியா உள்ளே வந்ததும் அவளைக் காட்டினாள்.

“ஆர் அது, என்ட கிளி? சாச்சி இல்ல. இனி உம்மா. செல்லு பாப்பம்... உம்மா!”

நுஸ்ஹா சோற்று வாயோடு அஸ்பியாவைப் பார்த்துச் சிரித்தாள்.

“ம்மா” என்றாள்.

அஸ்பியா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். ராத்தா இந்தச் சொல்லைக் கேட்கவேயில்லை. கேட்பதற்கு முன்பே போய்விட்டாள். அவளுக்குச் சேர வேண்டியதை, இப்படி வாயடைத்து இருந்துகொண்டே நான் வாங்கிக்கொள்வதா? ஜவுபர் அவள் நினைவில் இல்லை. அவர்தான் இல்லையென்று ஆகிவிட்டதே. இது அவளுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் மட்டும் இருந்தது.

வாசலில் வாப்பாவும் காலிதீன் மச்சானும் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் போய் நின்றாள்.

“வாப்பா... அண்டைக்கு நான் ஒண்டும் செல்லல்ல.”

“என்னத்த மகள்?”

“நீங்க கேட்டீங்க. நான் பதில் செல்லல்ல. உம்மாதான் செல்லினாங்க. எனக்கு மச்சான முடிக்க ஏலா வாப்பா. அவரு என்ட ராத்தாட மாப்புள. எனக்குக் கூடப்பொறந்த காக்கா மாதிரி.”

வாப்பா அவளையே பார்த்தார். அந்தச் சின்ன வெளிச்சம் அணைவதை அவள் கண்ணாலேயே கண்டாள்.

“அண்டைக்கே செல்லி இருக்கலாமே...” என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். அஸ்பியாவின் கண்கள் வழிந்தன.

காலிதீன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல உயரமான மனிதன், கூனிப்போயிருந்தான்.

“அழாத தங்கச்சி” என்றான். “என்னையும் ஆரும் சரியாக் கேக்கல்ல. நானும் பேசாமத்தான் இருந்தன். ஹாஜறாட உடுப்பெல்லாம் இன்னும் அலுமாரிக்குள்ளதான் இரிக்கி. நான் எப்படி...” முகத்தைச் சால்வையால் துடைத்துக்கொண்டான். “ஆனா இனி நான் இஞ்ச இரிக்கிறது சரியில்ல. ஊர் கதைக்கும். புள்ளயச் சம்மாந்துறைக்கு, எங்கட உம்மாட்டக் கொண்டு போறன். கோவமில்ல... நீ நல்லாரு.”

அவள் இதை எதிர்பார்த்துத்தான் வாயைத் திறந்தாள். எதிர்பார்த்ததால் நோவு குறையவில்லை.

அவர்கள் புறப்பட்ட அன்று, கல்முனை வரைக்கும் பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். வாப்பா வாசலுக்கு வந்து பேத்தியை முத்தமிட்டார். மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சம்மாந்துறை பஸ்ஸில் மச்சான் ஏறி இருந்துகொண்டு கைகளை நீட்டினான். நுஸ்ஹாவை அவள் கொடுத்தாள். பஸ் நகரும் வரைக்கும் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. நகர்ந்த பிறகுதான் யன்னலால் கையை நீட்டி, “ச்சி... ச்சி...” என்று கத்தத் தொடங்கியது.

பஸ் வளைவில் திரும்பி மறைந்தது. மழை தூறத் தொடங்கியது. அஸ்பியா நின்ற இடத்திலேயே நின்றாள்.

“நனையிறீங்க” என்றது ஒரு குரல்.

நிந்தவூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஜவுபர் குடையை அவள் தலைக்கு மேலே பிடித்தான். தான் மழைக்குள் நின்றான்.

“நுஸ்ஹா போயிட்டாள்” என்றாள் அவள். “நான் செல்லிட்டன். ஏலா எண்டு செல்லிட்டன். கொண்டு போயிட்டாங்க.”

அவன் குடையை இன்னும் அவள் பக்கம் சாய்த்தான்.

“எனக்கு... தெரியாது” என்றான்.

“ஒங்களுக்கு ஏன் தெரியணும்? அண்டைக்கு இதே இடத்திலதானே நின்டீங்க. ஒரு சொல்லு செல்லல்ல!”

“செல்லத்தான் வாயத் திறந்தன்.” அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான். “ஆனா நான் செல்லினா அது ஒங்கட பதிலா இரிக்குமா? ஒரு பக்கம் அந்தப் புள்ள, ஒரு பக்கம் வாப்பா. நானும் ஒரு பக்கம் நின்டு இழுக்கவா எண்டு நினச்சன். மத்தவர்ர தாளுக்குள்ள கைய வைக்கிற மாதிரி... கூடாதெண்டு பட்டிச்சி.”

“நான் என்ன கசட்டா?”

மழையோடு சேர்த்து அவள் கண்ணீரைத் துடைத்தாள். கோபமா, அழுகையா, அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“நான் என்ன நினச்சன் தெரியுமா? ஒங்களுக்கு என்னில ஒண்டுமில்ல, அதான் பேசாம நிக்கிறீங்க எண்டு...” திடுக்கிட்டு நிறுத்தினாள். “நானும் அதே பிழையத்தான் விட்டிருக்கன். ஒங்கட மௌனத்துக்கு நானே மறுப்பு எண்டு எழுதிட்டன்.”

“பிழை” என்றான் ஜவுபர். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தக் கண்கள் நனைந்திருந்தன. “முழுப் பிழை, அஸ்பியா. இந்த மாரி முழுக்க நான் வெள்ளனக்கே வந்தது பஸ்ஸாலயும் இல்ல, வெள்ளத்தாலயும் இல்ல. ஒங்களப் பாக்கத்தான். ஒங்களத்தான் முடிக்கணும் எண்டு எனக்கு ஆசை. அண்டைக்கே செல்லி இருக்கணும். பயந்திட்டன்.”

எத்தனை நாள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தைகள்... இன்று வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றை வாங்கி வைத்துக்கொள்ள நெஞ்சில் இடம் தேடினாள். அங்கே ஒரு பிள்ளை யன்னலால் கையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தது.

மருதமுனை பஸ் ஹோன் அடித்தது. அவள் ஓரடி எடுத்து வைத்தாள். நின்றாள்.

“இண்டைக்குச் சந்தோசப்பட என்னால ஏலா. இண்டைக்கு நான் வீட்ட போய் அழணும்” என்றாள். “ஆனா பேசாமப் போயிட்டாள் எண்டு இரிக்கக் கூடா. எனக்கும் ஒங்களத்தான் விருப்பம்.”

அவன் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் அசைத்தான். பிறகு அவசரமாக, “கேட்டுட்டன்” என்றான். “நல்லாக் கேட்டுட்டன்.”

“வாப்பா இப்ப என்னோட கதைக்கிறல்ல. அவரு திரும்ப என்னை மகள் எண்டு கூப்பிடட்டும். அதுக்குப் பொறகு வந்து கேளுங்க.”

“எவ்வளவு காலம் எண்டாலும் காத்துக்கிட்டு நிப்பன்.”

“ஓம்” என்றாள் அஸ்பியா.

பஸ்ஸில் ஏறி யன்னலோரம் இருந்தாள். வெளியே அவன் குடையை மடக்கிப் பிடித்தபடி மழையில் நின்றான். பஸ் புறப்பட்டது. சோதனைச்சாவடி தாண்டியது, கடற்காற்று வந்தது. கொஞ்சத் தூரம் போன பிறகுதான் கவனித்தாள். பிள்ளையைத் தாங்குவதுபோல இடது கை இன்னும் வளைந்தே இருந்தது. அதை நீட்டி மடியில் வைக்கப் பார்த்தாள். அது அங்கே நிற்கவில்லை, மறுபடியும் வளைந்துகொண்டது.